அவனை மல்லாக்கப் படுக்க வை

பெங்களூரில் இருக்கும் என் மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். நான் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரி வரவில்லை, விட்டுவிட்டேன். போனில் சொல்ல வேண்டியதை ஏன் இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று நீ சலித்துக்கொள்வாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய், பின்னால் லேப்டாப்பில் நீ தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தெலுங்கு மீடியத்தில் படித்த உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டியே படி. அப்படிப் படித்தால்தான் ஒரு வரியையும் தாண்ட மாட்டாய். உன் மாமியார் வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவார்களே தவிர யாருக்கும் படிக்க வராது என்பதும் எனக்கு ஒரு வசதி. பெயர்களை மாற்றிவிட்டு இதை வேறு பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் வயதில் அப்பாவாகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், உன்னை மாதிரியே "பெரியவங்க பாத்துப்பாங்க" என்று இருக்கிறார்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாகாலாவில், உன் மாமியார் வீட்டில், உன் பிள்ளை குப்புறப் படுத்துத் தூங்குகிறான். அவனுக்கு இது மூன்றாவது மாதம். இரண்டு மாதம் முடிந்து நாலு மாதம் ஆகும் வரை ஒரு விஷயத்துக்கு அதிகமாகப் பயப்பட வேண்டும், அதைத்தான் நான் திருப்பதியில் நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். பவித்ராவையும் பிள்ளையையும் மூன்றாம் மாதத்தில் நம் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். மழை, குளிர் என்று சொல்லி ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆக, அந்தக் காலம் முழுவதையும் அவன் அந்த வீட்டில்தான் தூங்கிக் கழிக்கப்போகிறான். அங்கே அவனைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்ல முடிந்த ஆள் நீ ஒருவன்தான். நீ சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் வகுப்பில் நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. குழந்தை நலப் பாடத்தில் 'திடீர் சிசு மரணம்' என்று ஒரு பகுதி உண்டு. நாங்கள் சிட்ஸ் என்போம். ஒரு வயதுக்குள் இருக்கிற, நோய் நொடி எதுவும் இல்லாத, பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை தூங்கப்போய், பிறகு எழுந்திருக்காது. உடம்பை முழுக்கச் சோதித்துப் பார்த்தும் காரணம் கிடைக்காவிட்டால்தான் அந்தப் பெயரை வைப்பார்கள். அதாவது, தெரியவில்லை என்பதற்கு வைத்த பெயர் அது. புத்தகத்தில் சின்னப் பகுதிதான். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக வரும், சில வருஷம் வராது. முன்பெல்லாம் நானும் அதைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். ஆனால் நம் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப் போன குழந்தையைப் பற்றிக் கேட்டால் யாரும் இந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பட்சி தோஷம் என்பார்கள், பால் பொறையேறிவிட்டது என்பார்கள், இல்லாவிட்டால் தாய்க்காரி தூக்கத்தில் புரண்டுவிட்டாள் என்பார்கள். மாணவிகளும் அதே வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். புத்தகத்தைப் படித்துக் காட்டினால் அவர்கள் காதில் ஏறாது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதனால் இப்போது ஒரு பொம்மையை வைத்துப் பாடம் நடத்துகிறேன். நிஜக் குழந்தையின் எடையில், கழுத்து ஆடுகிற மாதிரி செய்த ரப்பர் பொம்மை. மேஜை மேல் பழைய சேலைகள், மெத்தை, போர்வை, குல்லா, துண்டு எல்லாம் வைத்துவிட்டு, "உங்க வீட்டுல குழந்தைய எப்படித் தூங்க வைப்பீங்களோ அப்படியே படுக்கை போடுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வேன். பார்க்க அழகாக இருக்கும். ஒருத்தி மெத்தென்று சேலையை நாலாக மடித்துப் போடுவாள். ஒருத்தி காதை மூடிக் குல்லா கட்டுவாள். தலை உருண்டையாக வரட்டும் என்று ஒருத்தி கடுகுத் தலையணை கேட்பாள், அதையும் தைத்து வைத்திருக்கிறேன். கொசுவுக்காகவும் கண் படாமல் இருக்கவும் முகத்தின் மேல் மெல்லிய துணி. கடைசியில் பொம்மையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொடுப்பார்கள், ஏதோ நிஜமாகவே தூங்க வைக்கிற மாதிரி. எல்லாம் முடிந்ததும் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: "இந்தக் குழந்தைக்குக் காத்து எந்த வழியா வருது?" அவர்கள் குனிந்து பார்ப்பார்கள். பொம்மையின் மூக்கு சேலை மடிப்புக்குள் புதைந்திருக்கும்.

இந்த வருஷம் அந்த வகுப்பில் ரேவதி என்று ஒரு பெண். சித்தூருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். நன்றாகப் படிக்கிற, வாயாடிப் பெண். அன்று பொம்மையை அவள் கையில் கொடுத்துப் படுக்க வைக்கச் சொன்னேன். அவள் படுக்க வைக்கவில்லை. மார்போடு அணைத்தபடியே நின்றாள். பக்கத்தில் இருந்தவள் வாங்கப் போனாள், இவள் கொடுக்கவில்லை. நான் கிட்டே போய், "என்னம்மா?" என்றேன்.

"எங்க அக்கா புள்ளைய கவுத்துதான் மேடம் போட்டோம்" என்றாள். பிறகு, "நான்தான் போட்டேன்" என்றாள்.

வகுப்பை அனுப்பிவிட்டு அவளை உட்கார வைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் அக்காளைச் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அக்கா பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தபோது இவள் லீவில் இருந்தாள். ஒருநாள் மதியம் அக்கா பால் கொடுத்துவிட்டு அப்படியே அசந்துவிட்டாள். இவள் குழந்தையை வாங்கி, தோளில் போட்டுத் தட்டி, மெத்தையில் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டுத் துணி துவைக்கப் போனாள். "துவைச்சுக்கினு இருக்கச்சொல்லோ அக்கா கூப்ட்டா மேடம். கத்தக்கூட இல்ல. என் பேர மட்டும் சொன்னா" என்றாள். ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அக்காளின் புருஷன் வீட்டில் யாரும் நம்பவில்லை. காரணம் இல்லாமல் உயிர் போகுமா என்றார்கள். தாய்க்காரிதான் தூங்கிக்கொண்டே புரண்டிருக்கிறாள், அதை மறைக்கிறாள் என்றார்கள். ஒன்றும் இல்லையென்றால் காணிப்பாக்கத்தில் வந்து பிரமாணம் பண்ணட்டும் என்றார்கள்.

நம் ஜில்லாவில் இதை உனக்கு விளக்க வேண்டியதில்லை. வரப்புத் தகராறாக இருந்தாலும் சரி, திருட்டுப் பழியாக இருந்தாலும் சரி, அங்கே ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. பொய் சத்தியம் செய்தவனுக்குக் கேடு வரும் என்று பயந்து பாதி வழக்கு படியிலேயே தீர்ந்துவிடும். அந்தப் பெண்ணையும் குளத்தில் முழுக்குப் போட வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பால் கட்டி, காய்ச்சலோடு நின்றாளாம். என்னால் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல் என்றார்கள். அவள் வாயைத் திறந்தாள், சொல்ல வரவில்லை. எப்படி வரும்? அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் கடவுள் முன்னால் சத்தியம் செய்ய ஒரு நேர்மையான மனுஷிக்கு எப்படி நாக்குப் புரளும்? பேசாமல் நின்றாள். அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே, கோயில் வாசலிலேயே, அவள் புருஷன் வேறு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். அவள் இன்றைக்கும் தாய் வீட்டில்தான் இருக்கிறாள்.

"நான் பின்னால நின்னுக்கினு இருந்தேன் மேடம். நான்தான் போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாயத் தொறக்கல" என்றாள் ரேவதி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்ப நான்தான் சாவடிச்சனா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். உடனே சொன்னேன், தயங்காமல் சொன்னேன். அது உண்மையும்கூட. அப்படிக் கவிழ்த்துப் போட்ட குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் எழுந்து அழுது பால் கேட்கின்றன. அந்த ஒரு குழந்தை ஏன் எழுந்திருக்கவில்லை என்று உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மூச்சு முட்டினால் தலையைத் திருப்பி அழ வேண்டும் என்று நமக்கு உள்ளேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சில குழந்தைகளுக்கு அந்த வயதில் அது சரியாக வேலை செய்வதில்லை என்று நினைக்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு என்று பார்த்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை. "இது உன் கையால நடந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது, நீயும் சொல்லிக்காத" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மல்லாக்க போடுன்னு எதுக்கு மேடம் சொல்லித் தர்றீங்க?" என்றாள்.

நான் பாடம் நடத்தியதிலேயே அவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை. மல்லாக்கப் போட்டால் ஆபத்து குறைகிறது, இது நிச்சயம். குறையும் என்றால் குப்புறப் போட்டவள் தப்புச் செய்தவளா? அப்படியும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவள்தான் நல்ல நர்ஸ். ஒன்றை மட்டும் சொல்கிறவள் ஒரு தாயைக் கொல்வாள், மற்றதை மட்டும் சொல்கிறவள் அடுத்த குழந்தையைக் கைவிடுவாள். "போன குழந்தைக்காக இல்லம்மா, இனிமே வர்ற குழந்தைங்களுக்காக" என்று பதில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எனக்கு அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை, ஆனால் அதைவிட நல்ல பதில் இன்றுவரை கிடைக்கவும் இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் பாகாலாவுக்குப் போனேன். உன் நைனா மூட்டு வலி என்று வரவில்லை, நான் மட்டும் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தூறிக்கொண்டிருந்தது. உன் மாமியார் நல்ல மனுஷி, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். என்னைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். "பேரன் தூங்கறான் சம்பந்தி, வாங்க, சத்தம் போடாம பாருங்க" என்றார். உள் அறையில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சாம்பிராணிப் புகை போகாமல் அப்படியே நின்றது. மெத்தை மேல் மெத்தை, அதன் மேல் ஒரு பழைய கம்பளி. நடுவில் உன் பிள்ளை கம்பளிக் குல்லாவோடு குப்புறக் கிடந்தான். தலைமாட்டில் கடுகுத் தலையணை. முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜங்ஷனில் ஒரு ரயில் ஹாரன் அடித்தது. அவர்கள் வீடு தண்டவாளத்துக்கு எவ்வளவு கிட்டே என்று உனக்குத் தெரியும், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. குழந்தை அசையவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை. உன் மாமியார் பெருமையாக என் தோளைத் தொட்டார்.

"பாத்தீங்களா? மல்லாக்க போட்டா ஒவ்வொரு ரயிலுக்கும் கைய கால உதறிக்கினு முழிச்சிக்கறான். பவித்ரா தூங்கறதே இல்ல. கவுத்து போட்டதுலேர்ந்து எந்த ரயில் போனாலும் அசைய மாட்டேங்கறான். நல்ல தூக்கம்."

அவர் எதை நல்லது என்று காட்டினாரோ அதுதான் நான் பயப்படுகிற விஷயம். குப்புறப் படுத்த குழந்தை ஆழமாகத் தூங்கும், எளிதில் விழிக்காது. அதனால்தான் எல்லோருக்கும் அது பிடிக்கிறது. ரயில் ஹாரனுக்கு உதறிக்கொண்டு எழுந்து அழுகிற குழந்தைதான் எனக்கு வேண்டும். மூச்சு முட்டினாலும் எழுந்து அழும். இந்தக் குழந்தையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மூச்சு வருகிறதா என்று பார்த்தேன், கைக்கு எதுவும் தெரியவில்லை. குல்லாவைக் கழற்றி, அவனைத் திருப்பினேன். முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. கண்ணைத் திறந்து, உதட்டைப் பிதுக்கி, வீல் என்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

"இன்னா சம்பந்தி, தூங்கற புள்ளைய" என்று உன் மாமியார் அவனை வாங்கிக்கொண்டார். "மல்லாக்க போட்டா பால் பொறையேறிடும். எங்க வூட்ல எல்லா புள்ளையும் இப்டிதான் வளந்துச்சு. மாப்ளைய நீங்க இன்னா மல்லாக்கவா வளத்தீங்க?"

என்ன சொல்வேன்? உன்னையும் குப்புறத்தான் போட்டேன். நான் படிக்கும்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கவிழ்த்தோ ஒருக்களித்தோ படுக்க வை என்பதுதான். பிற்பாடுதான் பாடம் மாறியது, ஏனென்றால் மல்லாக்கப் போட ஆரம்பித்த நாடுகளில் இப்படிச் சாகும் குழந்தைகள் குறைந்தார்கள். நீ பிழைத்தாய். அதை வைத்து அது சரி என்று சொல்ல முடியாது, பிழைக்காத பிள்ளைகளின் அம்மாக்கள் சம்பந்தி வீட்டில் வந்து சாட்சி சொல்வதில்லை. இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். பால் குடித்ததும் கொஞ்ச நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்தால் போதும், மல்லாக்கப் படுத்த குழந்தை பாலை விழுங்கிக்கொள்ளும் அல்லது தலையைத் திருப்பித் துப்பிவிடும், பொறையேறாது என்று சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிற வார்த்தைகள். வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, பேரன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, கிளம்பி வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். பிள்ளை வீட்டுக்காரி என்றால் நம் பக்கம் எப்படி என்று உனக்கே தெரியும். பிரசவம் பெண் வீட்டு உரிமை. நான் போகலாம், பழம் கொடுக்கலாம், நாற்காலியில் உட்காரலாம், குறை சொல்லக் கூடாது. ஏற்கெனவே உன் கல்யாணப் பந்தியில் உன் சித்தப்பா கிளப்பிய கலாட்டாவை அவர்கள் மறக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டப் பார்த்தபோது நான் தடுத்தேன். அன்றைக்கு உன் மாமியார், "நீங்க காலேஜ்ல மேடம், இங்க நான் பெத்தவ" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மறுபடி வாயைத் திறந்தால் பழி பவித்ரா தலையில் விழும் என்று அடங்கிவிட்டேன். மரியாதைக்குப் பயந்தேன் என்று சொன்னால் அதுதான் சரி. உயிரைப் பற்றிப் பாடம் எடுப்பவள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பவித்ரா குடையோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். பாதி வழியில் நின்று, "அத்த, நீங்க ஒண்ணும் சொல்லாம போறீங்களே" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்துவிட்டு மல்லாக்கப் போடுகிறாளாம், அவள் கண் அசந்ததும் அம்மா திருப்பிப் போட்டுவிடுகிறாராம். "நான் சொன்னா வாயாடுறன்றாங்க. நீங்க சொன்னா சம்பந்தி சண்ட. அவர் ஒரு வார்த்த சொன்னா எங்கம்மா மறுபேச்சு பேச மாட்டாங்க அத்த, மாப்ள சொன்னாருன்னா முடிஞ்சிது" என்றாள். அப்படியானால் அவனிடம் சொல்லம்மா என்றேன். சொன்னாளாம். நீ சிரித்தாயாம். "எங்கம்மா பாடத்த உங்கிட்டயும் ஆரம்பிச்சிட்டாங்களா" என்றாயாம்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் பஸ் திருப்பதி வருவதற்குள் உன்னைத் திட்டி மனசுக்குள்ளேயே நாலு பக்கம் எழுதிவிட்டேன். இப்போது கோபம் ஆறிவிட்டது, பயம் மட்டும் இருக்கிறது. நான் எத்தனையோ வருஷமாகப் படித்து, வார்டில் நின்று, சொல்லிக்கொடுத்து வந்த ஒரு விஷயம் அந்த வீட்டில் செல்லாது. ஒரு நாள்கூட குழந்தைக்குத் துணி மாற்றாத உன் வார்த்தை செல்லும். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுச் சண்டை போட எனக்கும் ஆசைதான். அந்தச் சண்டையை அவனுக்கு ஒரு வயது ஆனபிறகு போட்டுக்கொள்கிறேன். இப்போதைக்கு, உழைக்காமல் உனக்குக் கிடைத்திருக்கிற அந்த மாப்பிள்ளை மரியாதையை இந்த ஒரு காரியத்துக்குச் செலவு செய்.

இன்னொன்று, நீ சிகரெட் குடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. நீ வந்து போன பிறகு மொட்டை மாடித் தொட்டியில் செடி வளர்கிறதோ இல்லையோ, துண்டுகள் முளைக்கின்றன. உன் நைனாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் புகை ஆகாது. வெளியில் குடித்துவிட்டு வந்து அதே சட்டையோடு அவனை மார்பில் போட்டுக்கொள்வதும் ஆகாது. விட முடிந்தால் விட்டுவிடு, அம்மா சொல்கிறாள் என்பதற்காக இல்லை, மூச்சைப் பற்றி வகுப்பெடுக்கிற ஒருத்தி சொல்கிறாள் என்பதற்காக. சாம்பிராணியையும் அந்த அறையில் போட வேண்டாம் என்று நாசூக்காகச் சொல். பவித்ரா பக்கத்திலேயே, ஆனால் தனியாக ஒரு பாயில், மேலே ஒரு மெல்லிய விரிப்பு மட்டும் போட்டு அவனைப் படுக்க வைத்தால் போதும். குல்லா வேண்டாம். உனக்குக் குளிராத அறையில் அவனுக்கும் அவ்வளவாகக் குளிராது. கடுகுத் தலையணையை எடுத்துவிடு. தலை உருண்டையாக இல்லாவிட்டால் பரவாயில்லை, உன் தலையே ஒன்றும் அவ்வளவு உருண்டை இல்லை, அதற்காக யாரும் பெண் கொடுக்காமல் இருந்துவிடவில்லை.

இதற்கு மேல் எழுதுவதை எந்தத் தாயும் எழுதக் கூடாது. ஆனால் ரேவதியின் அக்காளைப் பற்றிக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. நாம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர, இல்லாமல் போகாது. அப்படி ஒரு நாள் வந்துவிட்டால், வரக் கூடாது, வந்துவிட்டால், பவித்ராவின் முகத்தைப் பார்த்து "நீ என்ன பண்ண?" என்று கேட்டுவிடாதே. உன் மாமியாரிடமும் கேட்டுவிடாதே. அவரும் அவன் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நினைத்துத்தான் திருப்பிப் போடுகிறார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, ஆனால் கேட்ட காது அதை மறக்காது. உன்னைப் பெற்றவளாக உன்னிடம் நான் இதுவரை எதையும் சத்தியம் கேட்டதில்லை, இதைக்கூட சத்தியமாகக் கேட்கவில்லை. மனசில் வைத்துக்கொள் என்று மட்டும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீ பாகாலா போவதாகச் சொன்னாய். போனதும் யாரிடமும் வாதம் பண்ணாதே, எங்கம்மா சொன்னாங்க என்று என் பெயரை இழுக்காதே. கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, பிள்ளையை வாங்கு. மாமனார், மாமியார், பவித்ரா எல்லோரும் பார்க்க, உன் கையாலேயே மெத்தைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பாயில் அவனை மல்லாக்கப் படுக்க வை. அழுவான். எழுந்து போய்விடாதே, தட்டிக்கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திரு. அவனாகத் தூங்குவான், அரை மணியில் மறுபடி எழுந்து அழுவான், மறுபடி தூங்க வை. மாப்பிள்ளை படுக்க வைத்த குழந்தையைத் திருப்பிப் போட அந்த வீட்டில் யாருக்கும் கை வராது. கிளம்பும்போது உன் மாமியாரிடம், "நான் இல்லாதப்பவும் இப்டியே போடுங்க அத்த" என்று கேட்டுக்கொண்டு வா. அதிகாரமாகச் சொல்லாதே, கேட்டுக்கொள்.

இப்படி எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, பக்கங்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று எழுந்தேன். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என்று எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறேன் பார். இன்றைக்குத் திங்கள். மணி மூன்று ஆகிறது. பவித்ரா சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசருகிற நேரம், அவள் அம்மா குழந்தையை வாங்கித் தூங்க வைக்கிற நேரம். கூட்டிக்கூட்டி இதுவரை நீ படித்து வருவதற்குள் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இதை இங்கேயே வைத்துவிட்டுப் போனை எடு. எனக்குப் போடாதே. அங்கே போடு. அவன் எப்படிப் படுத்திருக்கிறான் என்று கேள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல். பதில் வரும்வரை போனை வைக்காதே.